நான்காம் மாடியில் பிரிபடாத பங்கு

மகள் பிரான்ஸில் வீடு வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, காணி எவ்வளவு என்றுதான் நான் முதலில் கேட்டேன். வேறென்னத்தைக் கேட்பது? எனக்குத் தெரிந்த வீடெல்லாம் காணிக்குமேல்தான் நிற்கிறது. அவள் வட்ஸ்அப்பில் ஒரு வெறும் அறைக்குள் நின்றுகொண்டு சிரித்தாள். பிறகு யன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினாள். கீழே கார்கள் வரிசையாக நின்றன. ஒரு மரமும் நின்றது. அதன் உச்சியை நான் மேலேயிருந்து பார்த்தேன். மரத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"இது நாலாம் மாடி அம்மா. காணி கீழ கிடக்கு."

"கீழ கிடக்கிறது ஆரின்ரை?"

"எல்லாரின்ரையும்தான்."

அன்றைக்குத் தொடங்கிய தலைச்சுற்று இன்னும் முழுதாக நின்றபாடில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் இருப்பது உருத்திரபுரத்தில், வாய்க்கால் கரையோடு. என் கணவருடைய தகப்பன் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்திட்டத்துக்கு வந்து காடு வெட்டித் திருத்திய காணி இது. கணவர் காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை, அவளும் கல்யாணம் கட்டிப் பிரான்ஸுக்குப் போய்விட்டாள். நான் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மேட்டுக்காணியில் நாலு மரக்கறியும் கோழியும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். தனியாக என்றாலும் சத்தமில்லாமல் இருக்கிறேன் என்று அர்த்தமில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்குக்குமேல். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாரிக்கு முந்தின மாரியில் எனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன். கோழி திறந்துவிடவில்லையே என்று பார்க்க வந்த பக்கத்துக் காணிக்காரிதான் என்னைக் கண்டாள். மோட்டார் சைக்கிளில் தன் புருசனுக்கும் தனக்கும் நடுவில் என்னை இருத்தி, சரியவிடாமல் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் கண்விழித்துப் பேசத் தொடங்கியபோது போனில் மகள் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையோடு அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். அம்மா இனித் தனிய இருக்கக்கூடாது, என்னோடு வந்து இருக்கவேண்டும்.

ஆனால் அவர்கள் இருந்த வாடகை வீடு ஒரே அறை. பேத்தி ஹோலில் சோபாவில் படுக்கிறாள். அந்த நாட்டுக்கு ஓராளைக் கூப்பிடுவதென்றால் ஆளைப் படுத்த இடமிருக்கிறது என்று காட்டவேண்டுமாம். நகரசபையிலிருந்து வந்து அறையைப் பார்த்துவிட்டும் போவார்களாம். ஆகவே மூன்று அறையுள்ள வீடு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று பேத்திக்கு, மூன்றாவது எனக்கு. அந்த வெறும் அறைக்குள் நின்றுகொண்டு போனை நாலு பக்கமும் திருப்பிக் காட்டி, இதுதான் உங்கட அறை என்றாள். நல்ல வெளிச்சமான அறை. வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்டேன். லிஃப்டைப் பார்த்திருக்கிறது என்றாள்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. பத்து வருட விசா அட்டைதான் இருக்கிறது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு வீடு வாங்கலாமா என்று கேட்டால், ஓம், யாரும் வாங்கலாம், வங்கிதான் சம்பளத்தையும் அட்டையையும் பார்க்கும் என்கிறாள். இங்கே நாங்கள் பரம்பரையாக உழுது சாப்பிடுகிற மண்ணுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம்தான் தந்திருக்கிறது. அதையும் இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு, மறுபடி எடுக்கப் பிரதேச செயலகத்துக்கு நடந்து என் செருப்புத் தேய்ந்தது. அங்கே நேற்றுப் போனவளுக்கு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்களாம். இது என்ன நியாயம் என்று கேட்டேன். நியாயத்தைப் பிறகு கதைப்பம், சமையல் அடுப்பில் கிடக்கு என்று போனை வைத்துவிட்டாள். என் மகளுக்குப் பொறுமை கிடையாது. அது என்னிடமிருந்துதான் போனது.

வீட்டுக்காரி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். தரகர் இல்லாமல் நேரே விற்றாள். விலை வாய்ப்பேச்சில் முடிந்து, கையெழுத்து வைக்க, உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒரு திகதியும் குறித்துவிட்டார். அங்கேயும் நொத்தாரிசு என்றுதான் சொல்கிறார்களாம். தெரிந்த ஒரு சொல்லாவது அகப்பட்டதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த நொத்தாரிசு முன்கூட்டியே அனுப்பிய உறுதி வரைவை ஒருநாள் மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கட்டடம் நிற்கிற காணி அங்கே குடியிருக்கிற எல்லாருக்கும் பொதுவானது, அதில் ஆயிரத்தில் இத்தனை பங்கு எங்களுடையது, ஆனால் இந்தத் துண்டுதான் எங்களது என்று பிரித்துக் காட்ட முடியாது.

பிரிபடாத பங்கு.

பிரிபடாத பங்கென்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் என் அம்மாவழிக் காணி ஒன்று அப்படித்தான் கிடக்கிறது. பங்காளிகள் உலகம் முழுக்கச் சிதறிவிட்டார்கள். அதில் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் எங்கள் ஒருவரையும் கேட்காமல் தன் பங்கைப் பிறத்தியானுக்கு எழுதிவிட்டான். பங்குக்காரருக்கும் எல்லைக்காரருக்கும் முதலில் சொல்லி, அவர்கள் வேண்டாம் என்றபிறகுதான் வெளியாளுக்கு விற்கலாம். அது எங்கள் சனத்தின் வழக்கம், பங்குக்காரர் விசயத்தில் யாழ்ப்பாணத்துச் சட்டமும் அதுதான். அவன் செய்த வேலையால் இன்றைக்கும் எங்களுக்குள் செத்தவீடு கல்யாணவீடு ஒன்றும் கிடையாது. அவனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இங்கே குடியேற்றத்திட்டத்துக் காணிகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. என்றாலும் மனிசர் வழக்கத்தை விடவில்லை. எங்களுக்கு மேற்கே இருந்தவர் காணியைக் கைமாற்றிவிட்டு மகனோடு வவுனியாவுக்குப் போக நினைத்தபோது, முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, உங்களுக்கு வேண்டாமென்றால்தான் மற்றவர்களோடு கதைப்பேன் என்றார். எங்களுக்குக் கட்டாது என்றோம். பிறகுதான் இந்தப் பக்கத்துக் காணிக்காரி குடும்பம் வந்தது. அவளுடைய தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு ஓடிவந்தவர். அவள் பிறந்தது இங்கேதான். என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான் என்பதைச் சொல்லிவிட்டேன்.

ஆகவே நான் மகளிடம் சொன்னேன், பிரிபடாத பங்கு வேண்டாம், ஆளை விடு என்று. அம்மா, இங்க தொடர்மாடி எல்லாமே அப்பிடித்தான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்போதும் நான் பேசாமல் விட்டிருப்பேன். ஆனால் அவளே வாயைக் கொடுத்து இன்னொரு விசயத்தைச் சொல்லிவிட்டாள். கையெழுத்து வைத்தபிறகும் வீடு உடனே கைக்கு வராதாம். நொத்தாரிசு நகரசபைக்கு அறிவிப்பாராம். சபைக்கு அந்த வீடு வேண்டுமென்றால் அவர்கள் முந்தி வாங்கலாமாம், வேண்டாமென்று அவர்கள் விட்டால்தான் இவர்களுக்காம்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இத்தனை நாள் குழப்பத்தில் முதல்தடவையாக ஒரு விசயம் விளங்கியது. இது எங்களுடைய வழக்கமல்லவா? வெள்ளைக்காரனும் கேட்டுத்தான் வாங்குகிறான். அப்படியென்றால் அவன் வழக்கத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறந்துபோனான் என்று எனக்குப் பட்டது.

"எங்கேயோ இருக்கிற நகரசபையைக் கேக்கினம். ஒரே சுவரிலை இருக்கிறவனைக் கேக்க மாட்டினமோ?"

இங்க அப்பிடி ஒரு வழக்கம் இல்லை என்று அவள் சொன்னாள். அவர்கள் தமிழர்கள் இல்லை என்றாள். கதவைத் தட்டினால் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்றாள். நானும் விடவில்லை. காலமெல்லாம் அந்தச் சனத்தோடு ஒரே படியில் ஏறி இறங்கப் போகிறவள் நீ, நாளைக்கு நான் காய்ச்சலில் கிடந்தால் கதவைத் தட்டப் போகிறவர்களும் அவர்கள்தான், கள்ளத்தனமாகப் பங்குக்குள் நுழையாதே என்றேன். கடைசியில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"அயலைக் கேளாமல் வாங்கின வீட்டுக்கு நான் வரமாட்டன். அந்த அறையை நீயே வைச்சுக்கொள்."

பிறகு சரி என்றாள். அவள் சரி என்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை, என்றாலும் வென்றுவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன்.

எப்படிக் கேட்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும், இருவரும் சேர்ந்து போகவேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது. விலையையும் மறைக்கக்கூடாது. விலையைச் சொல்லாமல் கேட்பது கேட்டதாகாது. அவள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். மேல்வீடு, கீழ்வீடு, இரண்டு பக்கச் சுவர்க்காரர் என்று நாலு கதவு.

அன்று பின்னேரம் மருமகன்தான் எனக்கு எடுத்தார். தங்கமான மனுசன், என்னோடு கதைக்கும்போது சத்தம் உயர்த்தமாட்டார். மேல்வீட்டில் கதவு திறக்கவில்லையாம். கீழ்வீட்டுக்காரி இவர்கள் மதம் பரப்ப வந்ததாக நினைத்து, தனக்கு ஏற்கெனவே கடவுள் இருக்கிறார் என்று கதவைச் சாத்திவிட்டாளாம். வலப்பக்கத்துப் பெடியன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்கு வாடகையே கட்ட வழியில்லை, தாராளமாக வாங்குங்கள் என்று ரோல்ஸில் இரண்டை எடுத்துக்கொண்டானாம். இடப்பக்கத்தில் ஒரு போர்த்துக்கல்காரர். கட்டட வேலை செய்கிறவர், எங்கள் மருமகன் வயதுதான் இருக்கும். அவர் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்து, கோப்பி போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாராம். விலையையும் இரண்டுதரம் கேட்டாராம். வீடு விற்பனைக்கு வந்ததே தனக்குத் தெரியாது என்றாராம்.

பார்த்தியளோ, மரியாதை தெரிஞ்ச மனுசன் என்று நான் சொன்னேன். மருமகன் ஓம் மாமி என்றார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் வீடு போய்விட்டது. போர்த்துக்கல்காரர் அடுத்தநாளே வீட்டுக்காரியிடம் போய், தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும், குழாய் உடைந்தாலும் பல்ப் எரியாவிட்டாலும் அவர்தான் பார்த்துக் கொடுப்பாராம். அவள் கொடுத்துவிட்டாள். கையெழுத்து வைக்கும்வரை ஒன்றும் நிச்சயமில்லை என்று நொத்தாரிசும் சொல்லிவிட்டாராம். இதையும் மருமகன்தான் சொன்னார். மகள் போனுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் எனக்கு இருந்த குழப்பம் வாழ்க்கையில் ஒருநாளும் இருந்ததில்லை. இதைவிடப் பெரிய இழவுகளைப் பார்த்திருக்கிறேன், ஓடியிருக்கிறேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரைத் திட்டுவது என்பதாவது தெரிந்திருந்தது. இப்போது யாரைத் திட்டுவது? அந்த மனுசனைத் திட்ட முடியாது. எங்கள் வழக்கப்படி பார்த்தால் அவர் செய்தது முழுக்கச் சரி. சுவர்க்காரரைக் கேட்கவேண்டும், கேட்டோம், வேண்டும் என்றார், அவருக்குத்தான். என் ஒன்றுவிட்ட தம்பி இதைச் செய்திருந்தால் நான் அவனைத் தலையில் தூக்கி வைத்திருப்பேன். ஆனால் கேட்பது என்றால், மற்ற ஆள் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் கேட்பது என்று நான் எனக்குள் நினைத்திருந்தேன் போல. அவர் உண்மையாகவே வேண்டும் என்று சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்துக் காணிக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என் முற்றத்தில் குந்தியிருந்து கச்சான்கடலை உடைத்துக்கொண்டு கேட்டாள். நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, அங்கே ஒருத்தரும் உங்களைப்போல் ஒரு ஆளை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிறகு அவள் கச்சானைப் பார்த்தபடியே இன்னொன்று கேட்டாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. நீங்க போகாம இருக்கத்தான் அப்பிடிச் சொன்னீங்களோ?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. விசர்க்கதை கதைக்காதே என்றேன். அவள் கோதுகளைக் கூட்டி அள்ளிக் குப்பைக்குள் போட்டுவிட்டுப் போனாள். நான் வாய்க்காலடிக்குப் போய் உடுப்புத் தோய்த்தேன். தோய்த்த உடுப்பையே மறுபடி தோய்த்தேன். வேண்டுமென்று செய்தேனா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த அறையில் என் கட்டில் எந்தப் பக்கம் கிடக்கவேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். அதே நேரம், நாலாம் மாடி யன்னலால் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு, பாஷை தெரியாமல், அவர்கள் வேலைக்குப் போனபிறகு அந்த வெளிச்சமான அறைக்குள் நான் என்ன செய்வேன் என்றும் நினைத்திருந்தேன். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருந்தேன். எது எதைத் தள்ளியது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மகள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எடுத்தாள். வீடியோ போடவில்லை, குரல் மட்டும்தான். என்னை ஏசப் போகிறாள் என்று நான் ஆயத்தமாக இருந்தேன், திருப்பி ஏசவும் சொல் வைத்திருந்தேன். அவள் ஏசவில்லை. போர்த்துக்கல்காரர் ஒரு கேக் வாங்கிக்கொண்டு அவர்களுடைய வாடகை வீட்டுக்குத் தேடி வந்தாராம். வாசலில் நின்றபடியே அழுதுவிட்டாராம். அவருடைய அம்மா அவர்கள் ஊரில் தனியாக இருக்கிறாவாம். போன குளிருக்கு விழுந்து, யாரும் காணாமல் ஒருநாள் முழுக்கக் குசினித் தரையில் கிடந்தாவாம். ஒரு வீடு கிட்டடியில் கிடைக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், சுவருக்கு அங்காலேயே ஒன்று விற்பனைக்கு வந்தது தெரியாமல். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியவந்திருக்காது என்று மகளுடைய இரண்டு கையையும் பிடித்தாராம்.

எனக்கென்று காட்டிய அறையில் இன்னொரு தாய் வந்து படுக்கப் போகிறா. அவவில் எனக்குப் பொறாமை வந்தது. அவ விழுந்து கிடந்ததை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது.

"அம்மா, அந்தாள் கேட்டார், உங்கட அம்மாவுக்கு இஞ்ச வர விருப்பமோ எண்டு. எனக்கு மறுமொழி தெரியேல்லை. நான் உங்களை ஒருநாளும் கேக்கேல்லை."

உண்மைதான். அழுதாள், முடிவெடுத்தாள், அறையைக் காட்டினாள். கேட்கவில்லை. அயலையெல்லாம் கேள் என்று குதித்த நானும், என்னைக் கேள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. என்னை நானே கேட்கவுமில்லை. வாசலில் நின்று கோழி கொத்துவதைப் பார்த்துக்கொண்டு நான் யோசித்தேன். விருப்பம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. விருப்பமில்லை என்று சொல்லவும் வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. என் கணவர் போனபோதுகூட அவளுக்குக் கேட்கிற மாதிரி நான் அழுததில்லை.

"தெரியேல்லை பிள்ளை," என்றேன். "பயமாக்கிடக்கு. அங்க வரவும் பயம், இஞ்ச கிடக்கவும் பயம்."

அவள் மெல்லச் சொன்னாள், எனக்கும் பயம்தான் அம்மா, உங்களைக் கூப்பிட்டு வைத்து நான் வேலைக்கும் போய்ச் சமாளிப்பேனோ என்று. என் பிள்ளை எனக்கு அப்படி ஒரு உண்மையை அதற்கு முதல் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவளைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவவேண்டும் போல இருந்தது.

வங்கி கொடுத்த தவணை முடிவதற்குள் வேறு வீடு பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னாள். வரும் கிழமையே இரண்டு மூன்று இடம் போய்ப் பார்க்கப் போகிறார்களாம். சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் ரெண்டு அறை வீடு பாக்கிறதோ, மூண்டு அறை பாக்கிறதோ?"

"மூண்டு பார்."

"அப்ப வருவியளோ?"

"அது தெரியாது," என்றேன். "ஆனா நீ மூண்டு பார்."